பிறேசில் சட்டைக்குள் இரண்டு மணித்தியாலம்

1

இருபது வருடம் ஒரே இடத்தில் நின்றதற்காகப் போன வாரம் எனக்குச் சட்டையில் குத்துகிற ஒரு பின் தந்தார்கள். நின்றதற்காக என்றால் உண்மையாகவே நின்றதற்காகத்தான். ரொறொன்ரோவில் ஒரு பெரிய கலைக்காட்சியகத்தில் நான் காவலாளி. ஓவியங்களுக்குப் பக்கத்தில் நிற்பதும், கிட்டப் போகிறவர்களிடம் "தயவுசெய்து தொடாதீர்கள்" என்று சொல்வதும் என் உத்தியோகம்.

பின் வெள்ளி நிறம், அழகானது. ஆனால் காட்சிக் கூடங்களுக்குள் கூரான பொருள் எதையும் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் முதலாவது விதி. அதனால் பின்னைக் குத்திக்கொண்டு தேநீர் அறை வரைக்கும் நடக்கலாம். அதற்கு அப்பால் கழற்றிப் பெட்டியில் வைக்க வேண்டும். பின்னைக் குத்திவிட்டவரும் மேற்பார்வையாளர் டெரிக்தான், கைதட்டல் அடங்கியதும் கழற்றச் சொன்னவரும் அவர்தான். மனுசன் நல்லவர். விதிப் புத்தகம் மட்டும் இல்லாவிட்டால் இன்னும் நல்லவராக இருந்திருப்பார்.

இந்தப் பின்னைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று மகளிடமிருந்து ஒரு படம் வந்தது. அதனால் வேறு ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது.

2

முதலில் என் முடிச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் இருந்து வாசிக்கிற உங்களில் சிலர் அதைக் கையால் தொட்டிருப்பீர்கள், திட்டியும் இருப்பீர்கள்.

இங்கேயிருந்து எங்கள் சனம் ஊருக்குப் போகும்போது சூட்கேஸைப் பூட்டினால் மட்டும் ஆறுதல் வராது. கயிற்றாலும் கட்ட வேண்டும். பூட்டை யாரும் உடைக்கலாம், கயிறு கட்டிய பெட்டியைத் தொட யோசிப்பார்கள் என்பது நம்பிக்கை. அந்தக் கயிறு கட்டுவதில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. மில்லிக்கன், ஸ்ரௌவ்வில் என்று சுற்றுவட்டாரத்தில் இருந்தெல்லாம் ஆட்கள் போன் எடுப்பார்கள். "சிவா அண்ணை, ஞாயிற்றுக்கிழமை பிளைட். ஒருக்கா வந்து கட்டித் தாங்கோ." நான் நீல நைலோன் கயிற்றோடு போவேன். இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, முழங்காலை ஊன்றி ஒரு இழுவை. பிறகு அந்தப் பெட்டியைத் திறக்க ஆண்டவன் வந்தாலும் கத்தியோடுதான் வர வேண்டும்.

அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாக இருந்த காலத்தில் லொறிகளுக்கு வெங்காய மூட்டை கட்டியபோது கை தானாகப் பழகியது. ஒருமுறை சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் என் பெட்டியை அவிழ்க்கச் சொன்னான். நான் முயன்றேன், முடியவில்லை. அவன் துவக்கைச் சாய்த்து வைத்துவிட்டுத் தான் முயன்றான், அவனாலும் முடியவில்லை. இரண்டு பேரும் வெயிலில் குந்தியிருந்து அரை மணித்தியாலம் பல்லாலும் நகத்தாலும் போராடினோம். பின்னால் பஸ் முழுவதும் சனம் காத்திருந்தது. கடைசியில் கயிற்றை வெட்டிவிட்டு, துண்டுகளை ஒழுங்காகச் சுற்றி என் கையில் தந்தான். அந்த நாட்களில் எனக்குக் கிடைத்த மரியாதைகளில் அது ஒன்று.

நானும் வருடத்தில் இரண்டு தடவை ஊரில் இருக்கிற தங்கச்சியின் பிள்ளைகளுக்குப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். சொக்லேட், உடுப்பு, சப்பாத்து. பெட்டி கிடைத்ததும் தங்கச்சி போன் எடுத்து, "அண்ணை, படங்களும் வந்தது, வடிவாக் கிடக்கு" என்பாள். என்ன படம் என்று எனக்கு விளங்காது. நான் படம் எதுவும் வைத்ததில்லை. மனைவி சுகந்தி ஏதாவது வைத்திருப்பாள் என்று விட்டுவிடுவேன்.

3

எங்களுக்கு ஒரு பிள்ளைதான், ஆரணி. பார்மசி படித்துக்கொண்டிருந்தவள், மூன்றாம் வருடத்தில் அதை விட்டுவிட்டு நாடகங்களுக்கு உடுப்புத் தைக்கிற வேலைக்குப் போனாள். நான் கத்தினேன். அவளும் கத்தினாள். அவள் ஆங்கிலத்தில், நான் தமிழில். கடைசியாக நான் சொன்னது எனக்கு நல்ல ஞாபகம். "இனிமேல் உன்ரை விஷயத்தில நான் கை வைக்கமாட்டன்."

இருபது வருடமாகத் தொடாதே என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவன் சொன்ன சொல். அதைக் காப்பாற்றவும் செய்தேன். அவள் டவுன்ரவுனுக்கு இடம் மாறினாள். பதினான்கு மாதமாக வெக்ஸ்போர்ட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்பேன். "ஓம்" என்பாள். "சரி, அம்மாட்டைக் குடுக்கிறன்" என்பேன். எங்கள் உரையாடல் இவ்வளவுதான். விமான நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற பெண்கூட என்னோடு இதைவிடக் கூடக் கதைத்திருக்கிறாள்.

எங்கள் காட்சியகத்தில் ஒரு புதுக் கண்காட்சி தொடங்கிய வாரம் சுகந்தி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"பிள்ளை வன்கூவருக்குப் போறாள். வாற ஞாயிறு. அங்கை ஒரு தியேட்டரில நிரந்தர வேலையாம்."

"எப்ப திரும்பி வாறாளாம்?"

"நிரந்தரம் எண்டு சொல்லுறன்."

நான் சாப்பிட்டு முடித்தேன். சோற்றுக் கோப்பையைக் கழுவினேன். கழுவிய கோப்பையைத் திரும்பவும் கழுவினேன். அவள் போவதைவிட, அதை எனக்குச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தது வலித்தது.

4

அந்த வாரம்தான் பிறேசில் கண்காட்சி.

பிறேசிலின் நவீனக் கலைஞர்கள் பலரின் வேலைகள் வந்திருந்தன. சுவரில் தொங்குகிற ஓவியங்களும் இருந்தன, சதுரமும் வட்டமுமாக, சண்டைக்குப் போகாதவை. மற்றவைதான் வில்லங்கம். பிணைச்சல் போட்ட உலோகத் தகடுகள், வருகிறவர்கள் மடித்து மடித்து விளையாடுவதற்கு. சப்பாத்தைக் கழற்றிவிட்டு நடக்க ஒரு மணல் அறை. படுத்துக்கொண்டு மேலே பார்க்க ஏணைகள். பார்க்கிறவன் தொட்டால்தான் இது கலை, தொடாவிட்டால் வெறும் சாமான் என்பது அந்தக் கலைஞர்களின் கொள்கையாம்.

ஆகவே எங்களுக்கு அரைநாள் பயிற்சி வைத்தார்கள். "தயவுசெய்து தொடுங்கள்" என்று சொல்லப் பயிற்சி. எனக்கு வாய் வரவில்லை. ஆங்கிலத்தில் "பிளீஸ் டூ" என்ற முதல் இரண்டு சொல் வரைக்கும் சரியாகப் போவேன், அதற்குப் பிறகு நாக்கு பழைய பாதையில் ஓடிவிடும். மூன்று முறை தவறினேன். நான்காம் முறை சரியாகச் சொன்னேன், ஆனால் கை தானாக எழுந்து முன்னால் நின்றவரைத் தடுத்தது. டெரிக் பெருமூச்சு விட்டு, என் தாளில் "பயிற்சி பெற்றவர், மேற்பார்வை தேவை" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்.

என்னை நிறுத்திய கூடத்தில் ஒரேயொரு பொருள்தான். தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் தடித்த துணியில் ஒரு சட்டை. இரண்டு கழுத்து, மூன்று கை. ஒரே நேரத்தில் இரண்டு பேர் உடுக்க வேண்டும். நடுக்கை இருவருக்கும் பொது. ஒருவரின் வலக்கையும் மற்றவரின் இடக்கையும் ஒரே வழியால் வெளியே வரும். முன்பக்கம் நாடாக்களால் கட்ட வேண்டும். அதைத் தைத்தவர் ஸுல்மீரா என்று ஒரு கலைஞர், சாவோ பவுலோவில் இன்னமும் இருக்கிறார், எண்பது தாண்டிய மனுசி. தன் இளவயதில் கையால் தைத்த அதே சட்டை. நகல் வேண்டாம், உடுக்காத சட்டை பழந்துணி என்று சொல்லி அசலையே அனுப்பியிருந்தார். கூடவே வந்த ஒப்பந்தத்தில் வெட்டக் கூடாது, குத்தக் கூடாது, தோய்க்கக் கூடாது, ஸ்திரிக்கை போடக் கூடாது என்று ஒரு பக்கம் முழுவதும் இருந்தது. சுகந்தியின் கூறைச் சேலைக்குக் கூட இத்தனை கட்டுப்பாடு இல்லை.

5

வியாழக்கிழமை மூன்றரை மணிக்கு ஆரணி வந்தாள். அம்மா கெஞ்சி அனுப்பியிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கூடத்து வாசலில் நின்று, "ஹாய் அப்பா" என்றாள்.

"சாப்பிட்டியா?" என்றேன்.

"ஓம்."

அதோடு முடிந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கண்காட்சியோடு பிறேசிலில் இருந்து வந்த பொறுப்பாளர் லூசியா, காட்சியகத்துக்குக் கொடை கொடுக்கிற பெரிய மனிதர்கள் பத்துப் பேரோடு உள்ளே நுழைந்தாள். அவர்களில் ஒருவரும் சட்டையை உடுத்த முன்வரவில்லை. ஒருவருக்கு முதுகு வலி, மற்றவர்களுக்கு வெட்கம். லூசியா எங்களைப் பார்த்தாள்.

"நீங்கள் இருவரும்! உடுத்திக் காட்டுங்கள்!"

நான் அவர்களோடு வந்த டெரிக்கைப் பார்த்தேன். டெரிக் விதிப் புத்தகத்தைப் புரட்டி, காவலாளி செய்முறை காட்டலாம் என்று தலையசைத்தார். ஆரணி தோளைக் குலுக்கிவிட்டுப் பையைக் கீழே வைத்தாள். ஒரு நிமிடத்தில் நானும் என் மகளும் ஒரே சட்டைக்குள் நின்றோம். நடுக்கைக்குள் அவளுடைய கை என் கையோடு உரசியது. பதினான்கு மாதத்துக்குப் பிறகு. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நாடாவைப் பார்த்தேன்.

"மெதுவாக, பூப்போல ஒரு முடிச்சு" என்றாள் லூசியா.

பதற்றத்தில் இருந்தவனுக்குப் பூ எங்கே ஞாபகம் வரும்? நாடாவைக் கண்டதும் கை தன் வேலையைச் செய்துவிட்டது. இரண்டு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு இழுவை. மேல் நாடா, நடு நாடா, கீழ் நாடா மூன்றையும். முழங்காலை ஊன்ற இடமில்லாததால் வயிற்றை எக்கிக்கொண்டு இழுத்தேன். பெரிய மனிதர்கள் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள்.

"அப்பா," என்றாள் ஆரணி மெதுவாக. "நீங்கள் சூட்கேஸ் முடிச்சா போட்டனீங்கள்?"

நான் கீழே பார்த்தேன். நாசமாய்ப் போச்சு.

6

லூசியா முயன்றாள், நகம் உடைந்தது. பொருட்களைப் பராமரிக்கிற பெண் வெள்ளைக் கையுறையோடும் மழுங்கிய சின்னக் கருவியோடும் வந்து இருபது நிமிடம் குனிந்திருந்தாள். பிறகு நிமிர்ந்து, இந்த முடிச்சு எந்தக் கலாசாரத்தைச் சேர்ந்தது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். நான் வெங்காயம் என்றேன். அவள் அதையும் எழுதினாள். தலைக்கு மேலால் கழற்றினால் பழைய தையல் பிரியும். கத்தரிக்கோல் என்ற சொல்லை ஆரணி உச்சரித்ததும் டெரிக்கின் முகம் வெளிறிவிட்டது.

சட்டை சிக்கலில் இருப்பதால் அது இப்போது "பரிசீலனையில் உள்ள பொருள்" ஆகிவிட்டது. பரிசீலனையில் உள்ள பொருளை ஒருவரும் தொடக் கூடாது. டெரிக் எங்களைச் சுற்றி நான்கு கம்பங்களை நிறுத்தித் தடுப்பு நாடா இழுத்தார். வெளியே நிற்கப் பக்கத்துக் கூடத்திலிருந்து ரமோனைக் கூப்பிட்டார். ரமோனும் நானும் பத்து வருடமாக ஒன்றாகச் சாப்பிடுகிறோம். அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, எட்டிப் பார்த்தவர்களிடம் கை நீட்டிச் சொன்னான்: "தயவுசெய்து தொடாதீர்கள்."

அந்த வார்த்தையை முதல்முறையாக உள்ளே இருந்து கேட்டேன். நல்லாக இல்லை.

ஒரு பள்ளிக்கூடத்துக் கூட்டம் வந்து தரையில் இருந்து எங்களை வரைந்தது. ஒரு கிழவர் இந்த நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்று ரமோனிடம் கேட்டு, திருப்தியில்லாமல் போனார். எனக்குத் தேத்தண்ணி வேண்டியிருந்தது. கூடத்துக்குள் பானம் கூடாது, பொருளும் கூடத்தை விட்டுப் போகக் கூடாது. நானும் பொருளின் ஒரு பகுதி. டெரிக் அதை மன்னிப்புக் கேட்டுத்தான் சொன்னார்.

7

நின்று கால் கடுத்ததும் இருவரும் சேர்ந்து தரையில் குந்தினோம். ஒரு ஆள் குந்தினால் மற்ற ஆளும் குந்தத்தானே வேண்டும்.

பிறகு ஆரணி சட்டையின் விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்பா, இஞ்சை பாருங்கோ. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே மாதிரித் தையல். பிசிறே இல்லை. கையாலை தைச்சிருக்கிறா. திஸ் இஸ் இன்சேன்."

"அது கஷ்டமே?"

"ஒரு முழத்துக்கு ஒரு நாள் போகும். நான் ஒருக்கா செய்தனான், ஒரு ராஜா உடுப்புக்கு. ஆள் மேடைக்குப் பின்னாலை வந்து ஒரு நிமிஷத்தில பிச்சைக்காரனா மாறோணும். அப்ப உள்பக்கத்தை வெளியாலை திருப்பிப் போடுற மாதிரித் தைச்சன்."

"ராஜாவைத் திருப்பினால் பிச்சைக்காரனோ?"

"ஓம்." அவள் முதல்முறையாகச் சிரித்தாள். "சனம் கை தட்டினது, அப்பா. உடுப்புக்கு."

பதினான்கு மாதமாக அவள் என்ன வேலை செய்கிறாள் என்று எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. தையல் என்றால் சுகந்தியின் மெஷினில் காற்சட்டை வெட்டி மடிப்பது என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பிறகு கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"வன்கூவருக்குப் போறதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள்தானே என்ரை விஷயத்தில கை வைக்கமாட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"அது கோவத்தில சொன்னது, பிள்ளை."

"எனக்கு எப்பிடித் தெரியும்? யூ நெவர் ரூக் இற் பாக், சொன்னதைத் திருப்பி எடுக்கவேயில்லை. நீங்கள் ஒரு ரூல் போட்டா அதை மாத்தமாட்டீங்கள்."

நான் வாயைத் திறந்தேன். வந்ததைச் சொன்னேன். "ஒவ்வொரு நாளும் போனைக் கையில எடுப்பன். என்ன கேக்கிறதெண்டு தெரியாது. அதுதான் சாப்பிட்டியா எண்டு கேக்கிறனான். எனக்குப் பயம், ஆரணி. நீ கஷ்டப்படுவாய் எண்ட பயம். இஞ்சை வந்த காலத்தில நான் பட்டது உனக்கு வரக்கூடாதெண்டு. அதைச் சொல்லத் தெரியாமல் கத்திப்போட்டன்."

பிறகு நிறுத்த முடியவில்லை. வந்த புதிதில் உணவகத்தில் கோப்பை கழுவியது, மூன்று உத்தியோகத்துக்கு விண்ணப்பித்து மூன்றிலும் அவர்கள் என் பெயரைக் கூப்பிடத் தெரியாமல் விட்டுவிட்டுப் போனது, அவளுடைய மூன்றாவது பிறந்தநாளன்று இந்த வேலை கேட்டு நேர்முகத்துக்குப் போனது எல்லாவற்றையும் கதைத்தேன். அவள் நடுக்கைக்குள் என் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரமோன் மற்றப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

8

ஐந்தே காலுக்கு லூசியா ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். திரையில் ஸுல்மீரா. சின்னச் சமையலறை, கையில் கோப்பி, மடியில் ஒரு நாய். அவர் எங்களை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார். பிறகு நாய் பயந்து குதித்து ஓடும்படி சிரித்தார்.

அவர் சொன்னதை லூசியா மொழிபெயர்த்தாள். "இத்தனை வருடமாக எல்லோரும் இரண்டு நிமிடம் உடுத்திப் படம் எடுத்துவிட்டுக் கழற்றினார்கள். இன்றைக்குத்தான் யாரோ ஒழுங்காகக் கட்டியிருக்கிறார். வெட்ட வேண்டாம். சட்டை தன் வேலையைச் செய்கிறது."

"ஆனால் நாங்கள் ஐந்தரைக்கு மூடுகிறோம், அம்மா" என்றார் டெரிக் கிட்டத்தட்ட அழுகிற குரலில்.

அது அவருக்கு உண்மையான பிரச்சினை. சட்டை கட்டிடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. பார்வையாளர் கட்டிடத்துக்குள் இருக்கக் கூடாது. நான் இருக்க வேண்டுமென்றால் மேலதிக வேலைப் படிவம் வேண்டும், அதில் மேற்கொண்ட பணி என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மூடுகிற மணி அடித்தது. டெரிக் பேனையோடு என் முன்னால் குந்தினார்.

ஆரணி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஒரு பெருமூச்சு விட்டாள்.

"ஓகே" என்றாள்.

குனிந்து மேல் நாடாவைப் பிடித்தாள். இழுக்கவில்லை. இன்னும் இறுக்கினாள். பிறகு பெருவிரலால் மடிப்பை உள்ளே தள்ளினாள். முடிச்சு மூச்சு விட்டதுபோல் விரிந்து கையோடு வந்தது. நடு நாடா. கீழ் நாடா. ஒரு நிமிடம் ஆகவில்லை. டெரிக்கின் பேனை கீழே விழுந்தது.

"உனக்கு... உது எப்பிடி?"

"எட்டு வயசில பழகினனான். ஊரில இருக்கிற மச்சாளாக்களுக்கு நீங்கள் பெட்டி கட்டி பேஸ்மென்றில வைப்பீங்கள். நான் அவிழ்த்து, நான் வரைஞ்ச படங்களை உள்ளை வைச்சிட்டுத் திருப்பிக் கட்டிவிடுவன். முதல்ல இறுக்கோணும் அப்பா, பிறகு தள்ளோணும்."

தங்கச்சி சொன்ன படங்கள். இத்தனை வருடமும்.

"அப்ப தொடக்கத்திலேயே அவிழ்த்திருக்கலாமே! ரெண்டு மணித்தியாலம் ஏன் சொல்லாமல் இருந்தனி?"

அவள் நடுக்கைக்குள் இருந்து தன் கையை மெதுவாக வெளியே எடுத்தாள்.

"நீங்கள் கதைச்சுக்கொண்டிருந்தீங்கள்" என்றாள்.

9

சட்டையின் நிலை அறிக்கையில் நாடாக்களில் மூன்று இடத்தில் மடிப்புத் தழும்பு என்று பதிந்திருக்கிறார்கள். அதை நீவி எடுக்க வேண்டாம் என்று ஸுல்மீரா எழுதி அனுப்பினாராம். எனக்கு இன்னொரு அரைநாள் பயிற்சி கிடைத்தது, பூமுடிச்சுப் போட.

சனிக்கிழமை ஆரணி போன் எடுத்தாள். "அப்பா, நாளைக்குப் பிளைட். ஒருக்கா வந்து கட்டித் தாங்கோ." பதினான்கு மாதத்தில் முதல்முறையாக அவளுடைய அறைக்குப் போனேன். சுவர் முழுவதும் உடுப்புகளின் படங்கள். நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன், அவள் தடுக்கவில்லை. பெட்டியில் முழங்காலை ஊன்றி என் பலமெல்லாம் கூட்டி இழுத்தேன். அவிழக் கூடாது என்று ஒரு மனம். அவளுக்கு அவிழ்க்கத் தெரியும் என்று இன்னொரு மனம். விமான நிலையத்தில் அழமாட்டேன் என்று சுகந்தியிடம் சொல்லியிருந்தேன், அழுதேன்.

நேற்று வந்த படம் இதுதான்: வன்கூவரில் ஒரு மரத் தரை, திறந்த சூட்கேஸ், பக்கத்தில் நீலக் கயிறு. எங்கும் வெட்டவில்லை. முழு நீளமும் அழகாகச் சுருட்டி வைத்திருந்தது. கீழே ஒரு வரி: "வரேக்கை கொண்டு வாறன், திருப்பிக் கட்டலாம்."

நான் "சாப்பிட்டியா" என்று எழுதினேன். அழித்தேன். பிறகு மேசையில் உட்கார்ந்து நீளமாக எழுதத் தொடங்கினேன்.